வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் லினக்ஸ் மின்ட்: ஒரு மதிப்புரை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியதிலிருந்து, விண்டோஸா, இலவச இயங்குதளமான லினக்ஸா என்ற பழைய சண்டைக்குப் புது உயிர் வந்திருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் என் மைத்துனர் நடத்தும் ஜெராக்ஸ், டிடிபி கடைக்குள்ளும் அந்தச் சண்டை நுழைந்தது. பொறியியல் படிக்கும் அவருடைய மகன், அதாவது என் மருமகன், லினக்ஸ் கட்சி. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளிலேயே காலம் தள்ளிய டிடிபி ஆபரேட்டர் விண்டோஸ் கட்சி. இருவரும் இணையத்தில் படித்ததையே ஒருவர்மீது ஒருவர் எறிந்துகொண்டிருந்ததால், லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் 22 வரிசையைக் கடையின் ஒரு கணினியில் நிறுவி, வாடிக்கையாளர் வேலைக்கே விட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அப்படிப் பார்த்ததில் தேறியதையும் தேறாததையும் இங்கே எழுதுகிறேன்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லும் 4 ஜிபி ரேமும் கொண்ட மேசைக்கணினி. விண்டோஸ் 11 கேட்பது, ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதலான இன்டெல் சில்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் கணினிக்கு அங்கே இடமில்லை. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்; ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து புதுப்பிப்பு வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி எதுவும் தருவதில்லை. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று உண்டு என்பதையும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்துவைக்கச் சம்மதிப்பவர்களுக்கு அது பணமின்றியே கிடைக்கிறது என்பதையும் லினக்ஸ் கட்சியினர் பெரும்பாலும் சொல்வதில்லை.

லினக்ஸ் மின்ட் 2006 முதல் வெளிவருகிறது. 22 வரிசை, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பின்மேல் கட்டப்பட்டது. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறும். சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகப்புகளில் கிடைக்கிறது. மருமகன் சின்னமன்தான் அழகு என்றான். 4 ஜிபி ரேமுக்கு எக்ஸ்எஃப்சிஇ போதும் என்று நான் சொன்னதே இறுதியில் நின்றது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் பழகிய இடத்திலேயே இருப்பதால், கல்லாவில் உட்காரும் என் அக்காவுக்கு எதையும் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் லினக்ஸ் ஓடும் என்ற குற்றச்சாட்டு இன்றைக்குப் பொருந்தாது என்பதற்கு அவரே சாட்சி. மெனுக்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிற்பதால் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டோம்.

வேகத்தைப் பற்றித்தான் அதிகமாகப் பொய் பேசப்படுகிறது. பழைய கணினியில் லினக்ஸ் பறக்கிறது என்று சொல்பவர்களில் பலர், அதே நாளில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் பொருத்தியதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எனவே புதிய எஸ்எஸ்டியில் முதலில் விண்டோஸ் 10-ஐயும், அதை அழித்துவிட்டு மின்ட்டையும் புதிதாக நிறுவி ஒப்பிட்டோம். கணினி எழுந்து நிற்கும் நேரத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இரண்டுமே நன்றாக ஓடின. அந்த முன்னேற்றத்தின் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்கே சேரும். வேலை எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும்போது மின்ட் குறைவான ரேமை எடுத்துக்கொள்வது உண்மை. ஆனால் பிரவுசரில் இ-சேவைப் பக்கம், மின்வாரியப் பக்கம், வாட்ஸ்அப் வெப், ஜிமெயில் என்று வரிசையாகத் திறந்துவிட்டால் 4 ஜிபி எந்த இயங்குதளத்திலும் மூச்சு வாங்கத்தான் செய்யும். ரேமைக் கூட்டுவதற்கு மாற்று எதுவும் இல்லை.

மின்ட் தெளிவாக வென்ற இடம் பென் டிரைவ். கடைக்கு வரும் பென் டிரைவ்கள் கல்லூரி ஆய்வகம், பிரவுசிங் சென்டர், அலுவலகக் கணினி என்று ஊரைச் சுற்றிவிட்டு வருபவை. அவற்றில் தொற்றியிருக்கும் ஷார்ட்கட் வைரஸ், உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை வைத்துவிடும். விண்டோஸ் கணினியில் அவசரத்துக்கு அதைச் சொடுக்கினால் வைரஸ் கணினிக்குள் இறங்கிவிடும். சொடுக்காவிட்டால் "என் ப்ராஜெக்ட் எல்லாம் போச்சுண்ணா" என்று மாணவர் கண்கலங்குவார். மின்ட்டில் அந்தக் குறுக்குவழி வெறும் செத்த கோப்பு, சொடுக்கினாலும் எதுவும் நடக்காது. அதோடு, விண்டோஸ் மறைத்துக் காட்டாத கோப்புறைகளை மின்ட் சாதாரணமாகவே காட்டிவிடுகிறது. மாணவரின் ப்ராஜெக்ட் கண்ணெதிரே கிடக்கிறது, அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். இதனாலேயே சோதனைக்கு எடுத்த வாசலோரக் கணினி மின்ட்டாகவே நிலைத்துவிட்டது. ஆனால் மின்ட் அந்த வைரஸை அழித்துவிடுவதில்லை. தொற்று பென் டிரைவிலேயே இருக்கும், அடுத்துச் செருகப்படும் விண்டோஸ் கணினியைப் பிடிக்கும். "லினக்ஸுக்கு வைரஸே வராது" என்று மார்தட்டுபவர்கள் இதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

தமிழ் தட்டச்சில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சுப்பொறி, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகைகள் எல்லாம் வந்துவிடுகின்றன. தமிழ்99இல் உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் இருக்கும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும் என்பதால் "அம்மா" என்பதற்கு நான்கு விசைகள் போதும். விண்டோஸில் தமிழ் தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர் பழகியவர்களுக்கு அந்த மென்பொருள் இங்கே கிடைக்காது. விசைப்பலகை அதுவே என்பதால் கை மட்டும் சில நாள் தயங்கும்.

ஆபரேட்டருக்குத் தமிழ்99 வேண்டாம், பாமினிதான் வேண்டும். பாமினி ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துரு அன்று. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்த பழைய ஏற்பாடு அது. எழுத்துருவை மாற்றினால் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை தெரியும். ஆனால் அந்தப் பழைய ஏற்பாடே இங்கே கைகொடுத்தது. தனி விசைப்பலகை மென்பொருள் தேவையில்லை என்பதால், எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டதும், வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரெஆபீஸில் அவர் விரல்கள் வழக்கம்போல ஓடத் தொடங்கிவிட்டன. லினக்ஸில் தமிழ் வராது என்று அவர் அதுவரை சொல்லிவந்தது அத்தோடு நின்றது.

அடுத்த வாதத்தில் வென்றவர் அவரே. கடையின் வருமானத்தில் பெரும்பங்கு கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியும். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் வரும். விடிவதற்குள் சுவரொட்டி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த வேலை கோரல்டிராவிலும் போட்டோஷாப்பிலும் நடக்கிறது. பத்திரிகை மாதிரிகளோ, 2001க்குப் பிறகு புதிய பதிப்பே வராத பேஜ்மேக்கர் கோப்புகளாகக் குவிந்து கிடக்கின்றன. இவை எவற்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. கோரல்டிராவுக்கு 2000ஆம் ஆண்டில் ஒரு லினக்ஸ் பதிப்பு வெளிவந்தது என்பதைச் சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை; அது நிலைக்கவில்லை. லினக்ஸில் ஓடும் இங்க்ஸ்கேப்பும் ஜிம்ப்பும் ஸ்கிரைபஸும் நல்ல வடிவமைப்புக் கருவிகள். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு நான் அவற்றைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் பழைய மாதிரிகளைத் திறந்து, பெண் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, ஐந்து நிமிடத்தில் அச்சுக்கு அனுப்பும் தொழிலை அவை தாங்கா. வைன் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டலாமே என்றான் மருமகன். ஓட்டலாம், வாடிக்கையாளர் எதிரே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சோதனையைச் செய்ய எனக்குத் துணிவில்லை. கணக்கு மென்பொருளான டாலியும் அப்படியே. எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்கள் விண்டோஸை விட்டு நகர மாட்டார்கள். நகரச் சொல்வதும் நியாயமில்லை.

தற்குறிப்பு அச்சிட வருபவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. வேர்டில் காலிப்ரி எழுத்துருவில் ஒரே பக்கத்துக்குள் அடக்கிய கோப்பு, லிப்ரெஆபீஸில் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிடுவது உண்டு. அதே அகல அளவுகளில் செய்யப்பட்ட கார்லிட்டோ என்ற இலவச எழுத்துருவை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதைவிட, பிடிஎஃப் ஆக மாற்றிக்கொண்டு வரச் சொல்வதே நல்லது.

பிரிண்டர் விஷயத்தில் பாதிக் கிணறுதான் தாண்ட முடிந்தது. கடையின் புதிய வைஃபை பிரிண்டரை மின்ட் தானாகவே கண்டுபிடித்து, டிரைவர் எதுவும் கேட்காமல் அச்சிட்டது. எச்பி அச்சுப்பொறிகளுக்கு அந்நிறுவனமே லினக்ஸ் மென்பொருள் தருகிறது. ஆனால் கடைக்குச் சோறு போடும் பழைய லேசர் பிரிண்டர், வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு, மின்ட்டோடு பேச மறுத்துவிட்டது. அதன் லினக்ஸ் டிரைவர் எப்போதோ எழுதிக் கைவிடப்பட்டது. நிறுவினால் ஒரு தாள் வரும், இரண்டாவது தாளுக்கு வரிசையில் நின்றுவிடும். கடைசியில் அந்தப் பிரிண்டரை விண்டோஸ் கணினியோடு விட்டுவிட்டு, மின்ட்டிலிருந்து பிடிஎஃப் கோப்பை உள்வலை வழியாக அங்கே அனுப்பி அச்சிடுகிறோம். குறையை இயங்குதளத்தின்மேல் போடுவதா பிரிண்டர் நிறுவனத்தின்மேல் போடுவதா என்று இணையத்தில் நாள்கணக்கில் வாதிடலாம். ஜெராக்ஸுக்கு வந்தவருக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை.

இந்த வாதங்களின் தன்மையே இதுதான். உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்று மருமகன் சொன்னது முழு உண்மை; அவற்றுள் ஒன்றிலும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிப்பதில்லை. சண்டை லினக்ஸின் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை அறிவித்த சில மாதங்களிலேயே, 1992 ஜனவரியில், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் லினக்ஸின் கட்டமைப்பு காலாவதியானது என்று எழுதினார். மைக்ரோசாஃப்ட் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர் 2001இல் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார். 2016இல் அதே நிறுவனம் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் உறுப்பினராகச் சேர்ந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற லினக்ஸ் மென்பொருளுக்குள் திட்டமிட்டுப் புதைக்கப்பட்ட பின்கதவைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவர், மைக்ரோசாஃப்ட்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற பொறியாளர். தலைவர்கள் எப்போதோ சமரசமாகிவிட்டார்கள்; தொண்டர்கள்தாம் இன்னும் கொடி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லினக்ஸ் இலவசம் என்ற வாதமும் இங்கே எடுபடுவதில்லை. நம் பகுதியில் பலருக்கு விண்டோஸும் இலவசமாகவே வந்திருக்கிறது. சில நூறு ரூபாய் கூலிக்கு ஓஎஸ் போட்டுத் தருபவர், உரிமம் இல்லாத விண்டோஸோடு ஆபீஸையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அதைத் திறக்கப் பயன்படுத்தும் ஆக்டிவேட்டர் வேறு எதையெல்லாம் உள்ளே கொண்டுவருகிறது என்பது பிறகுதான் தெரியும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளில், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே இருந்தது. எங்கள் கடைக்குப் பழுதுபார்க்க வந்தவற்றில் அந்த லினக்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்த அடையாளமே பெரும்பாலும் இல்லை. ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் போவது என்பதுதான் மக்கள் கேட்கும் கேள்வி. விண்டோஸ் கெட்டால் மின்ட் பேருந்து நிலையம் முதல் தண்டையார்பேட்டை வரை தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். லினக்ஸ் கெட்டால் என் மருமகன் கல்லூரியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை கணினிக்கு ஏற்ப மாறும். பிரவுசர், பிடிஎஃப், விண்ணப்பம், கடிதம், மாணவர் படிப்பு என்று ஓடும் கணினிக்கு மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇயைத் தாராளமாக நிறுவலாம்; விண்டோஸ் 11 ஏற்காத கணினி என்றால் அதுவே நல்ல முடிவு. டாலி, பேஜ்மேக்கர், கோரல்டிரா ஓடும் கணினியைத் தொட வேண்டாம். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளும் வழி உண்டு என்றாலும், மாற்றி மாற்றி ரீஸ்டார்ட் செய்வது கடைக்கு ஒத்துவராது.

நிறுவ நினைப்பவர்கள் 3 ஜிபி அளவுள்ள கோப்பை இறக்கிப் பென் டிரைவில் ஏற்றி, முதலில் அதிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பாருங்கள். கணினியில் உள்ள எதுவும் அழியாது. அந்த நிலையிலேயே வைஃபை, ஸ்கேனர், பிரிண்டர் மூன்றையும் இணைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட கோப்பை அச்சிடுங்கள். இரண்டாம் பக்கம் வெளியே வராவிட்டால், நிறுவல் பொத்தானை அழுத்தாமல் பென் டிரைவை எடுத்துவிடலாம்.