கைவிடப்பட்ட வேகக் கார்கள்: ஏற்காடு ஏற இப்போது எது மிச்சம்?

பத்து லட்சத்துக்குப் பக்கத்தில் ஒரு கார். வாரம் முழுக்க வீட்டுக்கும் உழைக்கணும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏற்காடு ஏறினால் மனசும் நிறையணும். சேலத்தில் கார் பைத்தியம் பிடித்தவர்கள் கேட்பது இவ்வளவுதான். 2018 கடைசியில் இதற்கு ஷோரூமிலேயே மூன்று பதில்கள் இருந்தன: டாடா டியாகோ ஜேடிபி, மாருதி பெலினோ ஆர்எஸ், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. கொஞ்சம் கூடப் போட்டால் நான்காவதாக ஃபியட் அபார்த் புன்டோ. அடுத்த மூன்றரை ஆண்டுக்குள் நான்குமே போய்விட்டன. ஒரு மாடலை நிறுத்திவிட்டு அதைவிட நல்லதைக் கொண்டுவந்திருந்தால் வருத்தமே இல்லை. அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டுப் போனதுதான் வயிற்றெரிச்சல்.

இதில் மனசுக்கு நெருக்கமானது ஜேடிபி. அது நம்ம பக்கத்து வண்டி. டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சரிபாதி பங்கில் 2017இல் தொடங்கிய கூட்டு நிறுவனத்தில் உருவானது. பந்தய வீரர் கரிவரதன் பெயரில் உள்ள பந்தயத் தடமும், நரேன் கார்த்திகேயனும் வந்த ஊரிலிருந்து, ரேஸ் கார் செய்த கைகளே குடும்ப ஹேட்ச்பேக்கைத் தொட்டு மாற்றினால் எப்படி இருக்கும் என்று ஏங்கிக்கொண்டிருந்தோம். 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி 6.39 லட்சம் ஷோரூம் விலைக்கு வந்தது. டாடா நெக்ஸானில் இருந்த 1.2 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது) பெட்ரோல் எஞ்சினை எடுத்து, 114 பிஎஸ் (குதிரைத் திறன்), 150 என்எம் டார்க் (சுழற்றும் விசை) என்று டியூன் செய்து, கியர் விகிதங்களைக் குறுக்கி, சஸ்பென்ஷனை இறுக்கி, 15 இன்ச் சக்கரம் போட்டுக் கொடுத்தார்கள். பானெட்டில் காற்றுத் துளை, கறுப்புக் கூரை, உள்ளே சிவப்பு. நூறைப் பத்து விநாடிக்குள் தொடும் என்று நிறுவனமே சொன்னது. அந்த விலைக்கு அதற்கு முன்பும் பின்பும் இப்படி ஒன்று வரவில்லை.

2020 ஏப்ரல் முதல் தேதி பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. குறைந்த எண்ணிக்கையில் விற்கும் வண்டிக்காக மறுபடியும் எஞ்சின் டியூனிங், சோதனை, சான்றிதழ் என்று செலவழிக்க வேண்டும். டாடா அதைச் செய்யவில்லை. அந்த ஆண்டே ஜெயத்தின் பங்கையும் வாங்கிக்கொள்ள, கூட்டு முடிந்தது. ஒன்றரை வருஷத்துக்குள் கதை முடிந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் முடிவு புரிகிறது. ஆனால் இந்த மாதிரி வண்டியைத் தேடி வாங்குபவன் ஊரில் பத்துப் பேருக்கு அந்தக் கம்பெனியைப் பரிந்துரை செய்பவன். அவனைப் பாதி வழியில் இறக்கிவிட்டதால் போன நல்ல பெயரை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதினார்கள்?

எதை எதோடு ஒப்பிட்டாலும் நமக்கு உரைகல் ஏற்காடு சாலைதான். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே. ஏற்காடு 1500 மீட்டரை ஒட்டி. அந்த உயரத்தில் கடற்கரையைவிடச் சுமார் 15 சதவீதம் காற்றழுத்தம் குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு அவ்வளவு மூச்சும் குறையும். டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். கீழே சமமாகத் தெரிகிற இரண்டு வண்டிகள் மேலே போகப் போக வித்தியாசப்படுவது இதனால்தான்.

இன்னொன்று, மேலே ஏறும்போது இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி. நாம் இடது ஓரத்தில் போகிறவர்கள் என்பதால் வளைவின் உள்பக்கம் நமக்கு வரும். அங்கேதான் சாலை திடீரென்று செங்குத்தாகத் தூக்கும். வண்டி கிட்டத்தட்ட நின்று எழவேண்டும். ஸ்டியரிங் முழுக்க ஒடித்திருக்கும், உள்பக்க முன்சக்கரத்தில் பாரம் குறைந்திருக்கும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அவசரப்பட்டு மிதித்தால் அந்தச் சக்கரம் வீணாய்ச் சுற்றும். இரண்டாவது கியரிலேயே விட்டால் எஞ்சின் ஆயிரத்து இருநூறு சுற்றுக்கு விழுந்து, டர்போ தூங்கிவிடும். முதல் கியருக்குப் போவதா, இரண்டாவதில் சமாளிப்பதா? பிராஷரில் போட்டிருக்கும் பிஎஸ் எண்ணைவிட இந்த ஒரு இடம்தான் வண்டியின் குணத்தைச் சொல்லும்.

ஜேடிபி இங்கே அபாரம். குறுகிய கியர் என்பதால் இரண்டாவதிலேயே திரும்பி, கொஞ்சம் காத்திருந்தால் இரண்டாயிரம் சுற்றிலிருந்து தள்ள ஆரம்பித்துவிடும். வளைவுக்கும் வளைவுக்கும் இடையே இருக்கிற அந்தக் குட்டி நேர்சாலைக்காகவே செய்தது போல இருக்கும். குறை, மூன்று சிலிண்டரின் அதிர்வும், பின்னால் டிரம் பிரேக்கும். இறங்கும்போது இரண்டாவது கியரைப் பிடித்துக்கொண்டு வந்தால் அது பெரிய விஷயமில்லை. காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குபவர்களுக்கு எந்த வண்டியும் பாதி வழிக்கு மேல் பிரேக் கருகும் வாசம் அடிக்கத்தான் செய்யும்.

போலோ விஷயத்தில் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. 2013இல் வந்த ஜிடி டிஎஸ்ஐயில் 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ, 105 பிஎஸ், 175 என்எம், ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்). ஓடும்போது வெண்ணெய். ஆனால் அது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் ரகம். மே மாதக் கோடை விழா நாளில், முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு டெம்போ என்று மலையில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அந்த கிளட்ச் சூடேறும். உத்தரவாதம் முடிந்த பழைய டிஎஸ்ஜியில் கியரை மாற்றும் மின்னணுப் பகுதியான மெக்கட்ரானிக்ஸ் போனால் வரும் பில்லை நினைத்தால், பழைய வண்டியாக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. 2020இல் வந்தது 1.0 டிஎஸ்ஐ, 110 பிஎஸ். அதில் ஜிடி என்ற எழுத்து ஆட்டோமேட்டிக்குக்குத்தான். ஆறு கியர் மேனுவல் வேண்டுமென்றால் ஹைலைன் பிளஸ் போன்ற பெயர் ஒட்டிய போலோவைத் தேடவேண்டும். நல்ல போலோ அதுதான்! அதே குடும்பத்து எஞ்சின் இன்றைக்கும் ஃபோக்ஸ்வாகனின் டைகுனிலும் விர்டஸிலும் ஓடுவதால் பாகங்களுக்குத் திண்டாட வேண்டியதில்லை. ஸ்டியரிங்கின் கனம், கதவு மூடும் சத்தம், தொண்ணூறில் சாலையைக் கவ்வும் உறுதி, இதிலெல்லாம் இந்தப் பட்டியலில் அதற்கு நிகரில்லை. இடது கொண்டை ஊசியில் மட்டும் முதல் கியர் கேட்கும். கொடுத்துவிடுங்கள்.

அபார்த் தனி ஜாதி. 2015 அக்டோபரில் 9.95 லட்சத்துக்கு வந்தது. 1.4 லிட்டர் டி-ஜெட், 145 பிஎஸ், 212 என்எம், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், ஹைட்ராலிக் ஸ்டியரிங். அந்த ஸ்டியரிங்கில் தார்ச்சாலையின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு வரும். மின்சார ஸ்டியரிங் பழகிய கைகளுக்கு முதலில் பாரமாகத் தோன்றும், பத்தாவது வளைவுக்குள் அதுவே பிடித்துப்போகும். இந்தப் பணத்துக்கு இந்தியாவில் விற்றதிலேயே வலுவான ஹேட்ச் இதுதான். ஆனால் ஃபியட்டே நாட்டில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. வண்டி தாழ்வு, டர்போ தாமதமாக விழிக்கும், பாகத்துக்கு ஊர் ஊராக அலையவேண்டும். இரண்டாவது வண்டியாக, நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் வாங்கலாம். தினமும் ஜங்ஷனுக்கும் ஐந்து ரோட்டுக்கும் போய்வர இது ஒன்றே வண்டி என்றால் வேண்டாம்.

பெலினோ ஆர்எஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 950 கிலோ எடையில் 102 பிஎஸ் என்பது நல்ல கணக்கு. பின்னால் டிஸ்க் பிரேக்கும் உண்டு. வேகமான வண்டி, ஆனால் வேகமாகப் போகிறோம் என்ற சந்தோஷத்தைத் தராத வண்டி. அதே குடும்பத்து பூஸ்டர்ஜெட் டர்போ எஞ்சினை 2023 முதல் மாருதி ஃப்ரான்க்ஸில் புதிதாகவே வாங்கலாம் என்பதால் பழைய ஆர்எஸ்ஸைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை. மாருதி மனசு வைத்தால் வெளிநாட்டில் விற்ற 1.4 டர்போ ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை இங்கே கொண்டுவந்திருக்கலாம். கடைசிவரை கொண்டுவரவில்லை.

பட்டியலுக்கு வெளியே ஒன்று: ஃபோர்டு ஃபிகோவின் 1.5 டீசல். 100 பிஎஸ்தான், ஆனால் 215 என்எம். ஏற்றத்தில் டீசலின் இழுவை வேறு விதம். ஃபோர்டு கார் ஸ்டியரிங்கின் ருசி தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலை நகர் தொழிலாளர்களுக்கு வந்த அடிதான் பெரிது. நம்முடைய ஏமாற்றம் அதற்குப் பிறகுதான்.

இப்போது புதிதாக என்ன கிடைக்கும்? டாடா 2024 ஜூனில் ஆல்ட்ராஸ் ரேசரைக் கொண்டுவந்தது. 120 பிஎஸ், 170 என்எம், ஆறு கியர் மேனுவல், ஆரம்ப விலை 9.49 லட்சம். ஜேடிபிக்கு வாரிசு வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். 2025 மே மாதம் புதுப்பிக்கப்பட்ட ஆல்ட்ராஸ் வந்தபோது பெட்ரோல், சிஎன்ஜி, டீசல் எல்லாம் இருந்தன. டர்போ பெட்ரோல் மட்டும் இல்லை. ஒரே வாசலில் இரண்டாவது தடவையும் வெளியே நிற்கிறோம். ஃபோக்ஸ்வாகன் 2025இல் கோல்ஃப் ஜிடிஐயை இறக்கியது. 265 பிஎஸ், அருமையான கார், 53 லட்சம். போலோவை விட்ட இடத்தை அது நிரப்பாது.

மிச்சம் ஹூண்டாய் ஐ20 என் லைன். நம் ஊர் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து உற்பத்தி. 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 172 என்எம், நான்கு டிஸ்க், இறுக்கிய சஸ்பென்ஷன், கரகரக்கும் இரட்டை எக்ஸாஸ்ட். 2021இல் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கொடுத்து வெறுப்பேற்றினார்கள். 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு முறையான ஆறு கியர் மேனுவல் கொடுத்தார்கள். ஓட்டுகிறவர்கள் கேட்டதற்குச் செவிசாய்த்த நிறுவனம் என்று இந்த ஒன்றைச் சொல்லலாம். 1500 சுற்றிலிருந்தே முழு டார்க்கும் வந்துவிடுவதால் அந்த இடது கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் திரும்பி எழ முடிகிறது. ஸ்டியரிங் போலோ அளவுக்குப் பேசாது, எஞ்சின் ஜேடிபி அளவுக்குத் துள்ளாது. ஆனால் ஏசி, இருக்கை, ஆறு ஏர்பேக், சேலத்திலேயே சர்வீஸ், வாரண்டி என்று வீட்டில் உள்ளவர்களும் ஒப்புக்கொள்ளும் வண்டி. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது இதற்கும் பொருந்தும்.

ஆகவே என் தேர்வு இது. ஒரே ஒரு கார்தான் என்றால் ஐ20 என் லைன் மேனுவலைப் புதிதாக எடுங்கள். என் லைன் ஆட்டோமேட்டிக்கும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இந்த வகை வண்டிகள் சொல்லிவிட்டுப் போவதில்லை என்பதைத்தான் மேலே இவ்வளவு நேரம் பார்த்தோம். பழைய வண்டி போதும் என்றால் 1.0 டிஎஸ்ஐ மேனுவல் போலோ. வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்தால், தயங்காமல் ஜேடிபி.

ஜேடிபி தேடுபவர்களுக்கு, அஸ்தம்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் லிஃப்டில் வண்டியை ஏற்றி வைத்துக்கொண்டு சொன்னது: "எஞ்சினப் பத்திப் பயப்படாதீங்கண்ணா, அது நெக்ஸான் எஞ்சின். முன் பம்பரையும் சைடு ஸ்கர்ட்டையும் பாருங்க. ஒடஞ்சா சாதா டியாகோ பம்பர் அப்படியே உக்காராது." டார்ச் அடித்து, பம்பர் உள்பக்கத்தில் பழைய விரிசலை ஒட்டிய தடத்தையும் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. பம்பரோடு டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள்.  ஆயில் மாற்றிய பில் வரிசையாக இருக்கிறதா என்று கேளுங்கள். டர்போ வண்டியில் அது இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை கோரிமேடு வழியாக அடிவாரம் வரை போய், முதல் மூன்று வளைவு ஏறி இறங்கச் சொல்லி உரிமையாளரிடம் கேளுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விட்டு இறங்குங்கள். கிளட்ச் வழுக்குகிறதா என்பது இரண்டாவது வளைவிலேயே தெரிந்துவிடும்.