மைனஸ் பெருக்கலுக்கு இருவண்ண வில்லைப் பெட்டி: வாங்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவீதியில் 12 வெள்ளி (ரிங்கிட்) 90 காசுக்குக் கிடைக்கும் பெட்டி. உள்ளே 20 பிளாஸ்டிக் வில்லைகள்: ஒரு பக்கம் மஞ்சள், அது பிளஸ் 1, மறுபக்கம் சிவப்பு, அது மைனஸ் 1. கூடவே ஓர் எண்கோட்டு அட்டையும் மலாய் மொழியில் விளக்கத் தாளும். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளியில் படிவம் 1க்குப் போகும் பிள்ளைக்கு ‘டாராப்’ (பெருக்கல்), ‘நெகாத்திஃப்’ (மைனஸ்) என்ற மலாய்ச் சொற்கள் இதிலேயே பழகிவிடும்.

வில்லைகள் நல்ல கனம். 3 × (−4) என்றால் சிவப்பை நான்கு நான்காக மூன்று குவியல் வைத்தால் −12 வந்துவிடும். அட்டையில் மட்டும் இதைக் காட்ட முடியாது. கோடு −10இல் நின்றுவிடுகிறது.

(−3) × (−4)இல்தான் சிக்கல். முன்னால் உள்ள −3க்கு ‘மூன்று முறை வெளியே எடு’ என்று பொருள். இல்லாததை எப்படி எடுப்பது? முதலில் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு என 12 ஜோடி வைக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் பூஜ்யம். பிறகு சிவப்பை நான்கு நான்காக மூன்று முறை எடுத்தால் 12 மஞ்சள் மிஞ்சும். விடை +12. ஆனால் இதற்கு 24 வில்லை வேண்டுமே! விளக்கத் தாள் காட்டும் கணக்கே இதுதான். விடை 10ஐத் தாண்டினால் பெட்டி கைவிரித்துவிடும். இன்னொரு பெட்டி வாங்காதீர்கள், இரண்டு நிறத்தில் சட்டைப் பொத்தான் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் பிள்ளைகளுக்குச் சம்பளச் சீட்டு இன்னும் சீக்கிரம் புரியும்: 4 வெள்ளிப் பிடித்தம் மூன்றை ரத்து செய்தால் கையில் 12 வெள்ளி கூடும். கி.பி. 628இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தரும் மைனஸைக் கடன் என்றே சொல்லித்தான் விதி வகுத்தார்.

தாளில் எனக்குப் பிடிக்காதது, ‘இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது. ‘பெருக்கினால்’ என்ற சொல்லைக் காணோம். இதை மனப்பாடம் செய்த பிள்ளை −3 − 5க்கும் 8 என்று எழுதும், விடை −8. (−2) × (−3) × (−4) போன்ற மூன்று மைனஸ் கணக்குக்கு −24 வரும் என்பதும் தாளில் இல்லை.

2 × (−4) = −8, 1 × (−4) = −4, 0 × (−4) = 0 என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். விடை நான்கு நான்காக ஏறுகிறது; அடுத்த வரி (−1) × (−4) = 4 தானாக வரும். இதற்கு வில்லையே தேவையில்லை.

பெட்டியின் மூடி தளர்வு. பள்ளிப் பையில் வைப்பதானால் ரப்பர் வளையம் போடுங்கள்.