மரபணு ரிப்போர்ட்டை வைத்து இயற்கை மருத்துவம்: எந்தப் பகுதி உதவும், எது உதவாது?

எச்சில் மாதிரியை அனுப்புங்கள், உங்கள் மரபணுவுக்கு ஏற்ற உணவு, மூலிகை, சப்ளிமெண்ட் பட்டியல் தருகிறோம் என்று சொல்லும் சேவைகள் பெருகிவிட்டன. பெட்டியும் பெயரும்தான் மாறுகின்றன. உள்ளே நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒரு நிறுவனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இந்தச் சேவை வகையையே மதிப்பிடுகிறோம். எதைத் தவிர்க்க வேண்டும், அடுத்து எந்த ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று காட்டும் பகுதி பயனுள்ளது. எந்த மாத்திரையை வாங்க வேண்டும் என்று சொல்லும் பகுதியை நம்பிச் செலவு செய்யாதீர்கள். விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியைத்தான் முன்னே நிறுத்துகின்றன.

மாதிரி எடுப்பது எளிது, ஆனால் கெடுவதும் அங்கேதான். அதற்கு முந்தைய 30 நிமிடம் சாப்பாடு, தண்ணீர், சூயிங்கம், புகை, பல் துலக்கல் எதுவும் கூடாது. குழாயில் சுமார் 2 மில்லி எச்சில் வேண்டும். கோடு வரை நிற்க வேண்டியது திரவம். மேலே மிதக்கும் நுரை கணக்கில் சேராது. மூடியில் இருக்கும் பாதுகாப்புத் திரவம் கீழே இறங்கி எச்சிலோடு நன்றாகக் கலக்கும்வரை குலுக்கவும். கலக்காவிட்டால் பாக்டீரியா பெருகி மனித டி.என்.ஏ. சிதைந்துவிடும், ஆய்வகம் மாதிரியை நிராகரிக்கும். பஞ்சுக் குச்சி என்றால் கன்னத்தின் உட்புறத்தை ஒவ்வொரு பக்கமும் 30 முதல் 60 நொடி அழுத்தித் தேய்க்க வேண்டும். எச்சிலில் நனைத்தால் மட்டும் போதுமான செல்கள் வராது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தச் சேவை சரிவராது. எச்சிலில் இருக்கும் வெள்ளை அணுக்கள் கொடையாளியின் டி.என்.ஏ.வைக் காட்டிவிடும்.

ஆய்வகத்தில் பெரும்பாலும் நடப்பது முழு மரபணு வாசிப்பு அல்ல. டி.என்.ஏ.வின் சுமார் 300 கோடி எழுத்துகளில் (ஏ, சி, ஜி, டி) சில லட்சம் இடங்களை மட்டும் ஒரு சிப் பார்க்கிறது. பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளை அது நன்றாகவே படிக்கும், அரிதானவற்றில் தவறும். நேரடியாக விற்கப்படும் பரிசோதனைகளின் மூலத் தரவில் தெரிந்த மாறுபாடுகளை 2018இல் ஒரு மருத்துவ ஆய்வகம் மறுபடி சோதித்தபோது 40 சதவீதம் தவறாக இருந்தன. நோய் தொடர்பான எந்த முடிவானாலும் மருத்துவ ஆய்வகத்தில் உறுதிசெய்த பிறகே அதன்படி நடக்க வேண்டும்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். கிட்டத்தட்ட எல்லா ரிப்போர்ட்டிலும் எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணு முதல் வரிசையில் நிற்கும். ஃபோலேட் என்ற பி வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் நொதியை உருவாக்குவது இதுதான். அதன் சி677டி மாறுபாட்டில் (சி எழுத்து வரும் இடத்தில் டி) இரண்டு டி பிரதி இருந்தால் நொதியின் வேகம் குறைவது உண்மை. ஆனால் ஒரே அளவு ஃபோலிக் அமிலம் (மாத்திரையில் வரும் ஃபோலேட்) சாப்பிடும்போது, அப்படிப்பட்டவர்களின் ரத்த ஃபோலேட் மற்றவர்களைவிடச் சுமார் 16 சதவீதம்தான் குறைகிறது. இந்தச் சிறு வித்தியாசத்தைக் காட்டி மெத்தில்ஃபோலேட், பி6, பி12 அடங்கிய தொகுப்பை மாதாமாதம் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பி6 அதிக அளவில் நீண்டநாள் போனால் கைகால் மரத்துப்போகும். பி12 குறைபாடு தெரியாமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கூட்டினால் ரத்தசோகை மறைந்துகொள்ளும், நரம்புச் சேதம் மட்டும் தொடரும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஃபோலிக் அமிலத்தைக் கைவிடக் கூடாது. சிசுவின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்ட வடிவம் அதுதான்; தினமும் 400 மைக்ரோகிராம், எந்த மரபணு வகையாக இருந்தாலும்.

இந்த இடத்தில் நல்ல ஆலோசகர் சொல்ல வேண்டியது ஹோமோசிஸ்டீன் (ஃபோலேட் அல்லது பி12 குறைந்தால் ரத்தத்தில் உயரும் பொருள்), பி12 ரத்தப் பரிசோதனைகள். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தத்தில் அணுக்களை உடனே பிரித்தெடுக்க வேண்டும், இல்லையேல் ரத்தத்தை ஐஸில் வைக்க வேண்டும். அப்படியே விட்டால் சிவப்பணுக்கள் அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கும், அளவு பொய்யாக உயரும். அந்தப் பொய்யான எண்ணை நம்பி ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் உண்டு என்பதால் மாதிரியைக் கையாண்ட விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வைட்டமின் டி விஷயம் இன்னும் எளிது. உடலில் அது எவ்வளவு இருக்கிறது என்று ரத்தமே சொல்லும்போது மரபணுவை வைத்து ஊகிக்கத் தேவையில்லை.

உணவுத் திட்டம்? ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் 609 பேரைக் கொழுப்பு குறைந்த உணவு, மாவுச்சத்து குறைந்த உணவு என்று பிரித்து 12 மாதம் பார்த்தார்கள். யாருக்கு எது எடையைக் குறைக்கும் என்பதை மரபணு வகை காட்டித் தரவில்லை. ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் நடந்த ஃபுட்ஃபார்மீ ஆய்வில் தனிப்பட்ட ஆலோசனை பெற்றவர்கள் பொது ஆலோசனை பெற்றவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள்; அந்த ஆலோசனையோடு மரபணுத் தகவலைச் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. உங்கள் உணவுப் பழக்கத்தைப் பொறுமையாகக் கேட்டு எழுதும் ஆலோசகருக்குத் தரும் பணம் வீணாகாது என்றே இதைப் படிக்கிறோம்.

சேவையை எடைபோட ஒரு வழி இருக்கிறது. 2006இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் இரண்டே பேரின் டி.என்.ஏ.வை 14 கற்பனை வாடிக்கையாளர்களின் பெயரில் நான்கு இணையதளங்களுக்கு அனுப்பியது. ஒரே டி.என்.ஏ.வுக்கு வேறு வேறு அறிவுரைகள் வந்தன, ஏனென்றால் அவை கேள்வித்தாளில் எழுதிய பழக்கவழக்கங்களைப் பின்பற்றின. எனவே வாங்கும் முன்பே கேளுங்கள்: கேள்வித்தாளை நிரப்பாவிட்டால் ரிப்போர்ட்டில் எது மாறும்? தெளிவான பதில் இல்லையென்றால் விலகிவிடலாம்.

எங்கள் மதிப்பீட்டில் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு எச்சரிக்கைப் பகுதியில் இருக்கிறது. இயற்கை மருத்துவத்தில் ரத்தக்குழாய் வழியாகக் கிராம் கணக்கில் வைட்டமின் சி ஏற்றுகிறார்கள். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவருக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும்; சிறுநீர் கறுத்து, மஞ்சள் காமாலை வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் சிப் ஒரு சில ஜி6பிடி மாறுபாடுகளைத்தான் பார்க்கும். "இல்லை" என்று வந்தால் அதை நம்பி ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது, ரத்தத்தில் நொதி அளவைப் பார்த்தே ஆக வேண்டும். அண்மையில் சிவப்பணுச் சிதைவு நடந்திருந்தால் இளம் அணுக்கள் மிகுந்து நொதி அளவு இயல்பாகத் தெரியும். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

உடல் இரும்பை உறிஞ்சும் அளவைக் கட்டுப்படுத்தும் எச்.எஃப்.இ. மரபணுவில் சி282ஒய் மாறுபாட்டின் இரண்டு பிரதிகள் இருந்தால் உடலில் இரும்பு தேங்கலாம். அப்படி வந்தவருக்கு இரும்பு டானிக்கும் வைட்டமின் சி மாத்திரையும் ஆகாது. அடுத்த படி, இரும்பின் நிலையைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு, ஃபெரிட்டின் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும். உடலில் அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் ஏறும் என்பதால் அதை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

மஞ்சள் சாறு மாத்திரை, கிரீன் டீ சாறு மாத்திரை இரண்டாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களிடம் எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற நோய் எதிர்ப்பு மரபணு வகை அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. சமையலில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. செறிவூட்டிய, பெரும்பாலும் மிளகுச் சத்து சேர்த்த மாத்திரையைச் சொல்கிறோம். இந்த வகை இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு எதுவும் ஆவதில்லை. ஆகவே இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதி ஒன்றே: அரிப்பு, களைப்பு, கறுத்த சிறுநீர் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும்.

மரபணுவில் தெரியாத ஆபத்தும் உண்டு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், யாருடைய மரபணுவாக இருந்தாலும். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கேட்காமல் மூலிகை எழுதிக்கொடுக்கும் சேவைக்கு எவ்வளவு அழகான ரிப்போர்ட் இருந்தாலும் நாங்கள் மதிப்பெண் தரமாட்டோம். முடிக்கு நல்லது என்று பயோட்டின் வைட்டமின் எழுதியிருந்தால், ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். தைராய்டு, டிரோப்போனின் (மாரடைப்பைக் கண்டறியும் பரிசோதனை) முடிவுகளை அது திரித்துவிடும்.

மூலத் தரவை நீங்களே படிப்பதானால் ஒரு குழப்பத்தை அறிந்திருங்கள். டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழைகள்; ஒன்றில் சி இருந்தால் மற்றதில் ஜி, டி இருந்தால் ஏ. எம்.டி.எச்.எஃப்.ஆர். எதிர் இழையில் இருக்கும் மரபணு. அதனால் கோப்பில் சி, டி என்பதற்குப் பதில் ஜி, ஏ என்று வரலாம். "ஏஏ" என்றிருந்தால் அது "டிடி"தான்.

தரவுப் பாதுகாப்பையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். 23அண்ட்மீ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் 2023இல் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியாயின. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. கணக்கை மூடுவது, தரவை அழிப்பது, சேமித்த எச்சிலை அழிப்பது, ஆராய்ச்சி ஒப்புதலைத் திரும்பப் பெறுவது நான்கும் தனித்தனிக் கோரிக்கைகளாக இருக்கலாம். நான்கையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.