அரை வாட் வாக்கி-டாக்கியும் எங்கள் கரைவலையும்

கடலில் வளைத்துப் போட்டு, கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் எங்கள் கரைவலைக்கு வாக்கி-டாக்கி வந்து சில வருடங்கள் ஆகின்றன. வலை வளைக்கப் போகும் வள்ளத்தில் ஒன்று, கரையில் கயிறு பிடிப்பவர்களிடம் ஒன்று. தனுஷ்கோடிப் பக்கம் கைப்பேசியை நம்ப முடியாது. திடீரென்று இலங்கை டவரைப் பிடித்து நம்மை வரவேற்கும். அதனால் துண்டை வீசிக் காட்டித்தான் இத்தனை காலம் ஓடியது.

எங்களுடையது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும் ரகம். 2018 விதிகளின்படி இதற்கு லைசென்ஸ் வேண்டாம். அரை வாட், 16 சேனல், ஆன்டெனாவைக் கழற்ற முடியாது. "இதே காசுக்கு அஞ்சு வாட்டே கிடைக்குதே மாப்ள" என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இன்னும் மனக்குறை. அந்த ரகம் பெரும்பாலும் லைசென்ஸ் கேட்கும் அலைவரிசையில் பேசுவது. கடற்படையும் மரைன் போலீசும் சுற்றும் கரையில் அதை இடுப்பில் செருகிக்கொண்டு யார் பதில் சொல்வது? வாங்கும்போது அலைவரிசையையும் ஈ.டி.ஏ. என்னும் அரசின் கருவி ஒப்புதல் சான்றையும் பாருங்கள், ஆன்லைனில் விற்பவர்கள் இவற்றைக் குறிப்பிட வேண்டும் என்று 2025இல் நெறிமுறையே வந்துவிட்டது.

பெட்டியில் அச்சடித்த கிலோமீட்டர் கணக்கெல்லாம் வெறும் கதை. இந்த அலை நேர்கோட்டில் போவது, ஆளுக்கு ஆள் பார்வை மறையக் கூடாது. திறந்த கடலில் மூன்று கிலோமீட்டர் வரை பேச்சு தெளிவாகக் கேட்கிறது. வள்ளத்தில் குந்தியிருப்பவர் எழுந்து நின்று கையை உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும். ஊருக்குள், நடுவில் சீமைக்கருவேலங்காடு இருந்தால் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே குரல் கிழிந்துவிடும். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும்போது மைக்கைக் காற்றுக்கு முதுகு காட்டிப் பிடிக்க வேண்டும்.

கருவியில் உள்ள தனிக் குறியீட்டை (பிரைவசி கோட்) போட்டால் பேச்சு ரகசியம் என்று நினைக்காதீர்கள். அது அடுத்தவர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்கும், அவ்வளவுதான். நம் பேச்சை யாரும் கேட்கலாம். மீன் பட்டதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் ஆட்கள் தயங்குவது நியாயமே.

ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். ஆபத்தில் கூப்பிட மரைன் வி.எச்.எஃப். என்னும் கப்பல், படகு ரேடியோவின் 16ஆம் சேனல்தான், அது வேறு கருவி, வேறு லைசென்ஸ். கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554ஐ எழுதி ஒட்டி வையுங்கள்.

எங்கள் வாக்கி-டாக்கிக்குள் தண்ணீர் புகாது என்பது உண்மை. ஆனால் உப்பு சார்ஜ் முனையைப் பச்சையாக்கிவிடுகிறது. தினமும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகே சார்ஜில் போடுகிறோம்.