திருகோணமலையில் இரண்டு நாள் சுழியோடல்: சங்கத்தின் ஏற்பாடுகள் எப்படி இருந்தன?

கொழும்பில் இயங்கும் சுழியோடிகள் சங்கமொன்று ஒழுங்குசெய்த திருகோணமலைப் பயணத்தில், கடந்த ஜூலை மாதத்தின் வார இறுதியொன்றில் கலந்துகொண்டேன். வெள்ளி இரவு வான் வண்டியில் புறப்பட்டு, விடியுமுன் நிலாவெளியை அடைந்து, சனியும் ஞாயிறும் நான்கு தடவை கடலில் இறங்கித் திரும்புவது திட்டமாக இருந்தது. நடந்தது மூன்று தடவைதான். நான்காவதைக் கைவிட்ட முறைக்காகவே இந்தச் சங்கத்தை நம்பலாம் என்று எழுதத் துணிகிறேன்.

சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரைக் கடல் கலங்கிக் கொந்தளிக்கும்போது கிழக்குக் கரை தெளிந்திருக்கும் என்பதால், மே முதல் செப்டெம்பர் வரை சங்கம் திருகோணமலைக்கே ஆட்களைக் கூட்டிச் செல்கிறது. பணம் கட்டும்போதே சுழியோடற் சான்றிதழையும் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஓராண்டுக்கு மேல் கடலில் இறங்காதிருந்த இருவரை, முதலில் ஆழம் குறைந்த இடத்தில் முகமூடியைக் கழற்றி மீண்டும் அணியச் செய்து, அதன் பின்னரே குழுவில் சேர்த்தார்கள்.

சனி காலை புறாமலைக்குச் சென்றோம். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள இந்தத் தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. செட்டை நுனி கறுத்த சுறாக்கள் இரண்டு, எங்களைப் பொருட்படுத்தாமல் முருகைக்கற்களின் விளிம்போடு சென்றன. ஆழமற்ற பக்கத்தில் வேறு குழுக்களோடு வந்தவர்கள் முருகைக்கற்கள்மீது ஏறி நின்றதைக் காண மனம் நொந்தது. எங்கள் குழுவில் எவருக்கும் கையுறை அணிய அனுமதியில்லை. கையுறை இருந்தால் கை தானாகவே கல்லைப் பற்றிக்கொள்ளும் என்று தலைவர் விளக்கியது முழுக்கச் சரி.

பிற்பகல், கோணேசர் ஆலயம் அமைந்துள்ள சுவாமிமலைப் பாறையின் அடிவாரத்தில் இறங்கியதை நான் மறக்கமாட்டேன். கோணேசர் ஆலயத்தை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தபோது கடலில் விழுந்த கற்களை 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடற் தோழர் மைக் வில்சனும் நீருக்கடியில் கண்டார்கள் என்பதைப் பள்ளி நாட்களிலேயே கேட்டிருக்கிறேன். பதினான்கு மீற்றர் ஆழத்தில், பாசியும் சிப்பியும் படர்ந்த ஒரு கல்லின் ஓரம் நேர்கோடாகச் செதுக்கப்பட்டிருந்ததை விளக்கொளியில் அருகே பார்த்தேன். அதன் இடுக்கிலிருந்து விரலளவு மீனொன்று தலையை நீட்டியது. நான் அங்கேயே அசையாமல் நின்றுவிட, தலைவர் என்னை அவசரப்படுத்தாமல், காற்றளவுமானியை மட்டும் சுட்டிக்காட்டிக் காத்திருந்தார். சிலிண்டரில் எழுபது பார் அழுத்தக் காற்று மீதமிருக்கையில் மேலேறத் தொடங்கி, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்த பிறகே வெளியே வந்தோம்.

ஞாயிறு முதல் இறக்கம் குறையின்றி முடிந்தது. இரண்டாவதற்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தலைவர் ஓர் இளநீர்க் கோம்பையைக் கடலில் போட்டு, நங்கூரமிட்டிருந்த வள்ளத்தின் முனையிலிருந்து பின்பக்கம் வரை அது மிதந்துபோகும் நேரத்தை எண்ணினார். ஆறு மீற்றர் வள்ளத்தைக் கோம்பை பத்து விநாடியில் கடந்தது. அந்த நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் காற்று விரைவில் தீரும், துணையாளைத் தவறவிடவும் நேரும் என்று சொல்லி இறக்கத்தை நிறுத்தினார். பணம் கொடுத்தவர்கள் இருவர் முகம் சுளித்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. அந்த இறக்கத்துக்குரிய தொகை மறுநாளே திரும்பி வந்தது.

குறை, வாடகைக் கருவிகளில்தான். காற்றேற்றி மிதப்பைக் கட்டுப்படுத்த அணியும் மிதவைச் சட்டைகளில் எனக்குக் கிடைத்ததன் காற்றுப் பொத்தான் அழுத்தாமலே மெல்லக் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தது. நீருக்கடியில் அது நேர்ந்திருந்தால், நான் விரும்பாத வேகத்தில் மேலே இழுக்கப்பட்டிருப்பேன். துணையாளோடு கரையில் செய்த சோதனையில் பிடிபட்டதால் வேறு சட்டை தந்தார்கள். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க உதவும் ரெகுலேட்டர்களில், மாற்றாக வைத்திருந்ததன் வாய்ப்பகுதி இறப்பர் கிழிந்திருந்ததையும் நானேதான் கண்டேன். கடலுக்குள் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் கருவிகளைக் கொழும்பிலேயே சோதிக்காமல் ஏற்றி வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரவு முழுவதும் வானில் விழித்திருந்து, காலை எட்டு மணிக்கே இறங்கச் செய்வதும் சரியல்ல. சனி நண்பகல் வரை ஓய்வு தந்திருக்கலாம்.

உணவும் தங்குமிடமும் போதுமானவை. பூங்கா நுழைவுச் சீட்டும் கருவி வாடகையும் கட்டணத்தில் அடங்காது என்பதை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள். திரும்பும் வழியில் கண்டியில் இறங்க விரும்பிய ஒருவரை, சுழியோடிய உடனே உயரமான இடத்துக்குச் செல்வது ஆபத்து என்று தடுத்து, எல்லோரையும் தம்புள்ளை வழியாகவே அழைத்து வந்தார்கள். சொந்த ரெகுலேட்டரும் மிதவைச் சட்டையும் உள்ளவர்கள் தயங்காமல் சேரலாம். வாடகைக்கு எடுப்பவர்கள் புறப்படுவதற்கு முதல் நாளே சங்க அறைக்குச் சென்று, சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு குழாயையும் பொத்தானையும் தாமே சோதித்துவிட்டு வானில் ஏறட்டும்.