கரி கிரில்லில் காற்று வாயைப் பார்த்துக்கொள்வது: ஆறு வருஷ அனுபவம்

ஆறு வருஷத்தில் இந்தக் கரி கிரில்லில் நான் மாற்றியது இரண்டே பொருள்: ஒரு கம்பி வலை, ஒரு போல்ட். அந்த போல்ட்டைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்குப் பக்கத்தில், கடல் கூப்பிடு தூரம். 2019-இல் 57 செ.மீ. அகலமுள்ள கெட்டில் கிரில் வாங்கினோம். உருண்டையாக, மூடி போட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரும்பாலும் அதில்தான் மீன். மைனி நல்லமிளகும் உள்ளியும் குடம்புளியும் அரைத்துப் புரட்டித் தருவார். நெய்மீன், அயிலை எதுவானாலும் சுடலாம். ஆனால் நெய்ச்சாளைக்கு, அதாவது கொழுத்த மத்திக்கு, ஈடில்லை. கொழுத்த சாளையை வலையில் வைத்ததும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கங்கில் விழுந்து புகைந்து எழும். அந்தப் புகைதான் ருசி. அதே புகைதான் மேல் மூடியின் காற்று வாயில் போய்ப் படிந்து பிசுக்காகிறது.

இந்த அடுப்பில் அடியில் ஒரு காற்று வாய், மூடியில் ஒன்று. கடைக்காரர்கள் வென்ட் என்பார்கள். அடியில் நுழைகிற காற்றுதான் தீயைத் தீர்மானிக்கும், மேல் வாய் புகையை இழுத்து வெளியே விடும். 1952-இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் கடல் மிதவை செய்யும் உலோகக் கிண்ணத்தில் இந்த அடுப்பை உருவாக்கினார். முதலில் மூடியதும் தீ அணைந்ததாகவும், மூடியில் துளை போட்ட பிறகுதான் எரிந்ததாகவும் சொல்வார்கள். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் நம் அடுப்பும் அதே கதிதான்: கரி எரியாமல் முனகும், வெள்ளைப் புகை கெட்டியாகச் சுருளும், மீன் கசக்கும்.

இரண்டாம் வருஷம் மேல் வாயைத் திறந்து மூடுகிற வட்டத் தட்டு திருப்பக் கடினமானது. கீல் இறுகினால் செய்கிறது போல இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு திரும்பியது. இரண்டு மாதத்தில் அசையவே மறுத்துவிட்டது. கொறடு வைத்துத் திருப்பியதில் பிடி வளைந்தது. சந்திப்பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் மூடியைக் கொண்டுபோனேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தவர், "மக்ளே, சூட்டுல கெடக்க சாமானுக்கு எண்ணெய் விடப்பிடாது. அது வெந்து அரக்கா போயிரும்" என்றார். பார்த்தால் அரக்கேதான். தட்டுக்கும் மூடிக்கும் நடுவே தேன் நிறத்தில், ஓரத்தில் கறுத்து, கண்ணாடிபோலப் பளபளத்துக்கொண்டு ஒரு படலம். தோசைக்கல் பழகுகிறதே, அதே வேலை. எண்ணெய் சூட்டில் காய்ந்து இறுகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கல்லுக்கு அது நல்லது, திரும்ப வேண்டிய தட்டுக்கு ஆகாது. அவர் ரிவெட்டைத் துளைத்து எடுத்து, தட்டைக் கழற்றிச் சுரண்டி, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டும் நட்டும் போட்டுத் தந்தார். இப்போது வேண்டும்போது கழற்றலாம். உப்புக் காற்றில் அந்த போல்ட் இன்னும் துரு காணவில்லை. ஆனால் அதைச் சுற்றி அலுமினியத் தட்டில் வெள்ளைப் பொடி பூக்கிறது. உப்பும் ஈரமும் உள்ள இடத்தில் இரண்டு உலோகம் உரசிக் கிடந்தால் அப்படி ஆகும். மழைக்காலத்தில் அதைத் தட்டித் துடைக்கிறேன்.

அதற்குப் பிறகு எண்ணெயே கிடையாது. மீன் எடுத்ததும் இரண்டு வாயையும் முழுக்கத் திறந்து பத்து நிமிஷம் வெறும் தீயில் விடுகிறேன். பிறகு இரண்டையும் மூடினால் கரி அணையும், மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகும். சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது மூடி இளஞ்சூடாக இருக்கும். அந்த நேரம்தான் முக்கியம். பிசுக்கு இளகியிருக்கும்போதே பழைய வேட்டித் துணியால் தட்டைத் துடைத்து, ஒரு முழுச்சுற்றுத் திருப்பி, மறுபடி துடைக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. ஆறிப்போனால் அதுவே அரை மணி நேரம்.

மாதம் ஒருமுறை தட்டைக் கழற்றிப் பாத்திரச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறப்போட்டு, மூங்கில் சிராயால் சுரண்டி, கதம்பையால் (தேங்காய் மட்டை நார்) தேய்க்கிறேன். கழற்ற முடியாத அடுப்பென்றால் அதே வெந்நீரில் நனைத்த துணியை வாயின்மேல் சுற்றி வைத்தால் போதும். அடைப்பு எடுக்கும் பொடியைத் தயவுசெய்து போடாதீர்கள். அதில் இருக்கும் காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்றுவிடும். கம்பிப் பிரஷும் வேண்டாம். உதிர்ந்த கம்பி வலையில் ஒட்டி மீனோடு வாய்க்குள் போகும். பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் அந்தப் பயம் எதற்கு?

மூடியின் உள்பக்கம் கறுப்புச் செதில் உதிர்வதைப் பார்த்து, பெயின்ட் உரிகிறது என்று அக்கா வீட்டில் அடுப்பையே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது பெயின்ட் இல்லை. உள்ளே இருப்பது எனாமல், உதிர்வது புகையும் கொழுப்பும் காய்ந்த கரி. கசக்கிய செய்தித்தாளால் தேய்த்தால் வந்துவிடும்.

அடிவாயைப் பற்றி ஒன்றே ஒன்று: சாம்பலை மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். சிரட்டைக் கரியில் சாம்பல் குறைவுதான். இருந்தாலும் ஈரம் பட்ட சாம்பல் காரம், தகட்டை அரிக்கும். கொழுப்போடு சேர்ந்தால் சிமென்ட் மாதிரி கட்டியாகி, அடிவாயைத் திறந்து மூடுகிற தகட்டு இறக்கைகளைப் பிடித்துக்கொள்ளும். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. ஈரத்துக்கு ஓய்வே கிடையாது. மறுநாள் முழுக்க ஆறிய பிறகு அள்ளுகிறேன். மீன் கொழுப்புச் சாம்பலைத் தென்னை மூட்டில் போட்டால் நாய்கள் தோண்டிவிடும், ஆழக் குழிவெட்டிப் போடுங்கள். அப்புறம், மழை வந்ததென்று எரிகிற அடுப்பைக் கார் ஷெட்டுக்குள்ளோ திண்ணை அறைக்குள்ளோ தள்ளாதீர்கள். கங்கு விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். மழை என்றால் அன்றைக்குக் குழம்புதான்.

இப்போது மேல் தட்டு ஒரு விரலுக்குத் திரும்புகிறது. அடியில் மூன்று இறக்கைகளில் ஒன்று மட்டும் நுனி தேய்ந்து தாள்போல மெலிந்திருக்கிறது. அடுத்த மழைக்குள் பட்டறைக்கு எடுத்துப் போக வேண்டும்.