மைதானத்து ஆங்கிலத்தை நம்பி ஏமாந்த கதை: இஏஎல் ஆதரவோடு ஐந்து ஆண்டுகள்

மகளை மூன்றாம் வகுப்பில் சர்வதேசப் பள்ளியில் சேர்த்தபோது அவளுக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுவரை தமிழில்தான் படித்தாள். இப்போது எட்டாம் வகுப்புக்குப் போகிறாள்.

பயிற்றுமொழி முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளுக்கு இஏஎல் (கூடுதல் மொழியாக ஆங்கிலம்) என்று தனி வகுப்பு, வாரம் நான்கு பீரியட். அதற்குத் தனிக் கட்டணம் என்பது படிவத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

முதல் நான்கு மாதம் அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. நாங்கள் பயந்துபோனோம். இஏஎல் ஆசிரியை மட்டும் அசரவில்லை. "காதில் வாங்கிக்கொண்டிருக்கிறாள், விடுங்கள்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மைதானத்தில் ஆங்கிலத்திலேயே சண்டை போட்டாள். சண்டைக்கே மொழி வந்துவிட்டது, இனி என்ன என்று பள்ளி இஏஎல்லை நிறுத்தியது. கட்டணம் மிச்சம் என்று நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். இந்த ஐந்து ஆண்டில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஐந்தாம் வகுப்பில் கணக்கு மதிப்பெண் சரிந்தது. விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். 'ஃபைவ் லெஸ் தேன் ட்வெல்வ்' என்ற கேள்விக்கு 5 - 12 என்று எழுதி, அப்படியே திகைத்து நிறுத்தியிருந்தாள். "பன்னிரண்டைவிட ஐந்து குறைவு, எவ்வளவு?" என்று தமிழில் கேட்டேன். கேள்வி முடியும் முன்பே "ஏழு" என்றாள். கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் எண்கள் வரும் வரிசைதான் காலை வாரிவிட்டது. அறிவியலிலும் இதே கூத்து: 'வால்யூம்' என்றால் அவளுக்கு டிவி சத்தம் மட்டும்தான், கன அளவு என்ற பொருள் தெரியாது.

பேச்சு மொழி வேறு, பாடத்தின் மொழி வேறு என்று கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார். முன்னது வர ஏறக்குறைய 2 ஆண்டு, பின்னது வர 5 முதல் 7 ஆண்டு என்பது அவர் தரும் கணக்கு. நாங்கள் இரண்டே ஆண்டில் கடையைக் கட்டியிருந்தோம்.

நச்சரித்து மீண்டும் சேர்த்தேன். முன்பு அவளை அறிவியல் வகுப்பிலிருந்து எழுப்பித்தான் இஏஎல்லுக்குக் கூட்டிப்போனார்கள். ஆங்கிலம் படிக்கப் போய் அறிவியலைக் கோட்டை விட்டதுதான் மிச்சம். இந்த முறை இஏஎல் ஆசிரியை அறிவியல் வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார். சோதனைக் குறிப்பு எழுதுவதற்கு முன் 'பிகாஸ்', 'தேர்ஃபோர்' மாதிரி இணைப்புச் சொற்களை அட்டையில் எழுதித் தருவார். முதலில் அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுதினாள், அப்புறம் அட்டை தேவைப்படவில்லை. பெரிய மாற்றம் இதில்தான் தெரிந்தது.

வகுப்பாசிரியர் ஒருவர் வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொன்னார். இரண்டு வாரம் முயன்றோம். சாப்பாட்டு நேரம் மௌன விரதம் ஆகிவிட்டது. இஏஎல் ஆசிரியைக்கு விஷயம் தெரிந்ததும் கோபமே வந்துவிட்டது. "உங்கள் மொழியில் ஆழமாகப் பேசுங்கள், பாடத்தில் வரும் சொற்களுக்கு ஆங்கிலப் பெயரை நான் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து மறுநாள் பாடத்தை முந்தின இரவே தமிழில் பேசிவிடுகிறோம். ஒளிச்சேர்க்கை புரிந்த பிள்ளைக்கு ஃபோட்டோசிந்தசிஸ் வெறும் புதுப் பெயர்தான்.

குறை என்றால், வருகிற அறிக்கையில் எப்போதும் 'நல்ல முன்னேற்றம்' என்ற ஒரே வரி. எழுத்தில் எந்த நிலை, வாசிப்பில் எந்த நிலை என்று துருவித் துருவிக் கேட்டால்தான் சொல்வார்கள். உங்கள் பள்ளி இஏஎல்லை நிறுத்துவதாகச் சொன்னால் பிள்ளை எழுதிய பாடக் கட்டுரை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சை நம்பாதீர்கள்.

அடுத்து ஐஜிசிஎஸ்இ, அதாவது பத்தாம் வகுப்பு அளவிலான சர்வதேசத் தேர்வு. ஆங்கிலத்தை முதல் மொழியாக எடுப்பதா, இரண்டாம் மொழியாகவா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அவளுக்கோ அதற்குப் பிறகு வரும் பள்ளியிறுதிப் படிப்பான ஐபி டிப்ளமோவில் தமிழ் இலக்கியத்தைப் பள்ளி மேற்பார்வையில் சொந்தமாகப் படிக்க வழியுண்டு என்று தெரிந்துவிட்டது. இப்போதே புத்தக அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறாள்.